ஆறாம் தலைமுறை வரட்டும், வரிசை நகருமா?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் யாரிடம் இணையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் அது ஒரே இடத்தில் வந்து நிற்கும். "6ஜி வரட்டும்ணே, எல்லாம் சரியாயிடும்." ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில் 3ஜியைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். அப்புறம் 4ஜி, அப்புறம் 5ஜி. ஒவ்வொன்றும் வந்தது, வேகமும் ஏறியது, அதில் பொய்யில்லை. ஆனாலும் இரவு எட்டு மணிக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரு பிள்ளை வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் ஆசிரியர் முகம் பாதியில் உறைகிறது, குரல் மட்டும் பின்னால் ஓடிவருகிறது. வேகம் இத்தனை மடங்கு கூடிய பிறகும் இந்தக் குறை ஏன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது? அடுத்த தலைமுறை இணையம் எப்படி இருக்கும் என்று கணிக்கிற கட்டுரைகள் நாள்தோறும் வருகின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத கணிப்பை என்னால் நம்ப முடிவதில்லை.

கணிப்புகள் எல்லாமே உச்ச வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. 5ஜிக்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்த இலக்கு விநாடிக்கு 20 கிகாபிட், தாமதம் 1 மில்லிவிநாடி. 6ஜிக்கான கட்டமைப்பை அதே ஒன்றியம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. சேவை 2030 வாக்கில் வரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த 20 கிகாபிட் ஒரு டவரின் மொத்தக் கொள்ளளவு, அதுவும் எல்லாம் கூடிவந்த நேரத்தில். அந்த 1 மில்லிவிநாடி கைப்பேசிக்கும் டவருக்கும் இடையே உள்ள காற்றுவழிக்கு மட்டும். டவருக்குப் பின்னால் இருக்கிற உலகத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சிங்கப்பூர் 400 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 4 மில்லிவிநாடி. லாஸ் ஏஞ்சலஸ் 14,000 கிலோமீட்டர், போய்வர 140. எத்தனையாவது தலைமுறை வந்தாலும் இந்த 140 குறையாது. யூடியூப் இங்கே ஓரளவு நன்றாக ஓடுவதற்குக் காரணம், பலர் பார்க்கும் வீடியோவின் நகல் இந்த நாட்டுக்குள்ளேயே சேமிப்பில் கிடக்கிறது என்பதுதான்.

என் கணிப்பு இது: அடுத்த தலைமுறை இணையத்தை மக்கள் வேக எண்ணால் அடையாளம் காணமாட்டார்கள், காத்திருப்பு குறைந்ததால்தான் காண்பார்கள். அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி கடல் தாண்டி நடப்பதில்லை. வீட்டு ரவுட்டருக்குள்ளும், வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் நிற்கும் செம்பனைக்குள்ளும், அதாவது எண்ணெய்ப் பனைக்குள்ளும், நடக்கிறது.

எடைப்பாலத்து வரிசை

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். பதிவிறக்கம் 25 மெகாபிட், பதிவேற்றம் 3 மெகாபிட். தோட்டப்புறத்தில் இது மோசமான எண்ணே இல்லை. தம்பி வகுப்பில் இருக்கிறான். அந்த நேரம் பார்த்து அக்காவின் கைப்பேசி, தீமிதியில் எடுத்த 200 மெகாபைட் வீடியோவைத் தானாகவே கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றத் தொடங்குகிறது. 200 மெகாபைட் என்றால் 1,600 மெகாபிட். 3 மெகாபிட் வழியில் அது போய்ச் சேர 533 விநாடி, அதாவது ஒன்பது நிமிடம் ஆகும். கைப்பேசியோ வீட்டு வைஃபைக்குள் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் அனுப்பக்கூடியது. அனுப்பியதெல்லாம் ரவுட்டரின் நினைவகத்தில் போய்க் குவிகிறது. அங்கே 1 மெகாபைட் தேங்கினாலே 8 மெகாபிட். 3 மெகாபிட் வழியில் அது வெளியேற 2.7 விநாடி. தம்பியின் குரல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக, பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாகப் புறப்படுகிறது. ஒவ்வொன்றும் இந்த 2.7 விநாடிக் குவியலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இயல்பாகப் பேச ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும் என்கிறது அதே ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இங்கே அதைப்போல் பதினெட்டு மடங்கு.

செம்பனை ஆலை வாசலில் எடைப்பாலத்துக்கு நிற்கிற குலை லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்பது லாரிக்குப் பின்னால் ஒரே ஒரு கடிதத்தோடு வந்த மோட்டார் சைக்கிளும் நிற்க வேண்டுமென்றால், சாலையை நான்கு தடமாக்கி என்ன பயன்? எடைப்பாலம் ஒன்றுதான். 25 மெகாபிட் பிளானை 100 ஆக்குவது சாலையை அகலப்படுத்துகிற வேலை. பதிவேற்றப் பக்கம் அதே 3 மெகாபிட்டில் நின்றால் வரிசை அப்படியேதான் நிற்கும்.

இதை அவரவர் வீட்டில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஃபாஸ்ட் டாட் காம் திறந்து, வேகம் காட்டிய பிறகு கூடுதல் விவரம் என்ற பொத்தானை அழுத்தினால் தாமதம் இரண்டு எண்ணாக வரும்: சும்மா இருக்கும்போது ஒன்று, சுமை ஏறும்போது ஒன்று. முதலாவது 30, இரண்டாவது 60 என்றால் நல்ல இணைப்பு. முதலாவது 35, இரண்டாவது 900 என்றால், வீட்டில் எல்லாரும் திட்டிக்கொண்டிருக்கும் குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம். கணினியில் பார்ப்பதென்றால், போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைக் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றுங்கள். பதிவேற்றம் தொடங்கியதும் எண் படிப்படியாக ஏறும், நிறுத்தியதும் இரண்டு மூன்று விநாடியில் இறங்கிவிடும். ஏற்றத்தோடு ஏறி இறக்கத்தோடு இறங்கினால் கோளாறு வரிசையில். பதிவேற்றம் இல்லாதபோதும் எண் தாறுமாறாகக் குதித்தால் கோளாறு காற்றுவழியில், அதற்கு வைத்தியம் வேறு.

வரிசைக்கு மருந்து பழையதுதான். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து, எந்த வரிசையும் நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்க்யூ-கோடெல் முறை 2018இல் ஆவணமாக வெளிவந்தது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டரில், வரிசையைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் என்ற பகுதியில் இதையும், இதன் அடுத்த வடிவமான கேக்கையும் தேர்ந்தெடுக்கலாம். அங்கே பதிவேற்ற வேகத்தை அளந்ததில் 85 முதல் 90 விழுக்காடு வரை மட்டும் போடுங்கள். 3 மெகாபிட் என்றால் 2.6. அந்த மீதியை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை மோடத்துக்குள் போகாமல் ரவுட்டரின் பிடியில் இருக்கும். பலர் சறுக்குவது எங்கே என்றால், காலை பத்து மணிக்கு ஊரே வேலைக்குப் போயிருக்கும்போது அளந்து அந்த எண்ணைப் போடுகிறார்கள். இரவு ஒன்பதுக்கு டவரில் கூட்டம் ஏறி 3 மெகாபிட் 1.8 ஆகிவிட்டால் 2.6 என்ற வரம்புக்கு வேலையே இல்லை. இரவில் அளந்து, வந்ததில் குறைந்த எண்ணை வைப்பதே சரி. இன்னொன்று, ரவுட்டரில் பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் கடத்தும் ஹார்டுவேர் ஆஃப்லோட் வசதி திறந்திருந்தால் பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமலே தாண்டிப் போய்விடும், அதை அணைக்க வேண்டும். விலை குறைந்த ரவுட்டரின் ப்ராசசர் பெரிய ஃபைபர் பிளானில் இந்த வேலையைச் செய்யத் திணறும். சிம் போட்ட வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்த தலைமுறை என்று சொல்லத் தகுந்தது 2023 ஜனவரியில் ஆவணமான எல்4எஸ் என்ற முறை. வரிசை நீளத் தொடங்கும்போதே நடுவில் இருக்கிற கருவி பாக்கெட்டில் ஒரு குறி போடுகிறது, அனுப்புகிறவர் அதைப் பார்த்து உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். பாக்கெட் தொலைந்த பிறகுதான் தெரிந்துகொள்வது பழைய முறை. அமெரிக்காவில் காம்காஸ்ட் 2025 ஜனவரியில் இதை வாடிக்கையாளர்களுக்குத் திறந்தது. இதில் சங்கடம், செயலி, கைப்பேசி, நடுவழிக் கருவி மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் பலன் இல்லை. அதனால்தான் விளம்பரத்தில் இது வராது. "வேகம் ஏறவில்லை, ஆனால் யாரும் காத்திருக்கவில்லை" என்று எந்தக் கம்பெனி பதாகை வைக்கும்?

மரம் உயர உயர

மலேசியாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலில் 1917இல் நடப்பட்டது இந்த ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான். இங்கே ரேடியோ வழியாக எதைக் கணித்தாலும் செம்பனையைச் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். மரம் நிற்கிற இடத்தில் நிற்கும், ஆனால் உயரம் நிற்பதில்லை. ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுக்கு ஏறும். மறுநடவு 25 ஆண்டுக்கு ஒருமுறை. மறுநடவு முடிந்த கையோடு அளந்தவருக்குக் கைப்பேசி நான்கு சிக்னல் கோடு காட்டும். எட்டாம் ஆண்டில் அதே வீட்டில் ஒரு கோடு. "முன்ன நல்லா லைன் வந்துச்சே, இப்ப டவர்ல என்னமோ பண்ணிட்டான்" என்பார்கள். டவரில் யாரும் கைவைக்கவில்லை, மட்டைகள் குறுக்கே வந்துவிட்டன.

அலைவரிசையும் பேசும். மலேசிய 5ஜியில் முக்கியமானவை 3,500 மெகாஹெர்ட்ஸும் 700 மெகாஹெர்ட்ஸும். திறந்த வெளியிலேயே, ஒரே அளவு ஆண்டெனாக்களுக்கு நடுவில் இரண்டுக்கும் 14 டெசிபெல் வித்தியாசம். அதாவது போய்ச் சேரும் சக்தியில் 25 மடங்கு. ஈரமான மட்டைகளுக்குள் நுழைந்தால் இடைவெளி இன்னும் கூடும். நகரத்து விளம்பரத்தில் வருகிற வேகம் 3,500இன் வேகம். தோட்டத்துக்குள் வந்து சேர்வது பெரும்பாலும் 700தான், அதன் குழாய் மெல்லியது. 6ஜிக்குப் பேசப்படும் உயர் அலைவரிசைகள் ஒரு பலகைச் சுவரைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். தோட்டத்து 6ஜி என்பது நடைமுறையில் பழைய தாழ்ந்த அலைவரிசையில் புதிய மூளையோடு ஓடுவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது போதும், வரிசையை ஒழுங்காக நடத்தினால்.

வெளி ஆண்டெனா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 9 டெசிபெல் ஆண்டெனாவை வாங்கிக் கம்பத்தில் கட்டி, 10 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கம்பியில் வீட்டுக்குள் இறக்கினால், 1,800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கம்பியே 8 டெசிபெல் அளவுக்கு விழுங்கிவிடும். செலவு செய்தும் சும்மா இருந்த மாதிரிதான். ஆண்டெனா உள்ளேயே அமைந்த வெளி ரவுட்டரைக் கம்பத்தில் ஏற்றி, ஈதர்நெட் கம்பியை மட்டும் கீழே இறக்குவது மேல். அதுவும் முடியாதென்றால், தகரக் கூரைக்கு அடியில் வீட்டின் நடுவே வைத்த ரவுட்டரை எடுத்து டவர் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். கோடுகளை நம்ப வேண்டாம். ரவுட்டரின் உள்பக்கத்தில் லைனின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி, அதன் தெளிவைச் சொல்லும் எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85 இருந்து எஸ்ஐஎன்ஆர் 2 என்றால் லைன் பலமாக வருகிறது, கூடவே பக்கத்து டவரின் சத்தமும் வருகிறது. ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்பி எஸ்ஐஎன்ஆரை 10க்கு மேல் கொண்டுவாருங்கள், ஆர்எஸ்ஆர்பி நான்கைந்து எண் இறங்கினாலும் பரவாயில்லை.

பட்டணத்து ஃபைபரை ரேடியோ மூலம் லயத்துக்கு இழுக்கிற யோசனை அடிக்கடி எழும். 2 கிலோமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவழியில் அலை ஏறத்தாழ 5.5 மீட்டர் ஆரத்துக்குப் பரந்து போகும். அதில் 60 விழுக்காடு, 3.3 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். மரம் 12 மீட்டர் என்றால் கம்பம் 15.3. இங்கேதான் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து ஆண்டில் மரம் இன்னும் 2.5 மீட்டர் ஏறும், ஆகவே 18 மீட்டருக்குக் குறைந்து நட்டால் வீண். அந்த உயரத்தில் இடி இறங்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி இழுத்தால் கம்பத்து மின்னல் வீட்டு ரவுட்டருக்கும் வரும். கடைசி முப்பது மீட்டரை ஃபைபராகப் போட்டு இரண்டு முனையிலும் ஒளி-மின் மாற்றிக் கருவி வைப்பது விலை அதிகமில்லாத காப்பு.

பல வழி, ஒரே உரையாடல்

துணைக்கோள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பவர்களும் உண்டு. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய் பதில் வர, ஒளியின் ஓட்டத்துக்கே 480 மில்லிவிநாடி பிடிக்கும். ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் அளவிலோ அதற்குக் கீழோ ஓடுவதால் அந்தக் குறை இல்லை. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். நான்கு பக்கமும் செம்பனை உள்ள வீட்டில் தட்டைத் தாழ வைத்தால் ஒரு துணைக்கோள் மட்டைக்குப் பின்னால் மறைந்து அடுத்தது பிடிபடும்வரை பேச்சு அறுந்துபோகும். அஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சியைப் போலவே கனமழையும் தொல்லை. 2023 ஜூலையில் இங்கே தொடங்கியபோது மாதக் கட்டணம் 220 வெள்ளி (ரிங்கிட்), கருவி 2,300. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் அந்த மாதக் கட்டணமே எட்டில் ஒரு பங்கு. ஒரு லயம் முழுக்கச் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு ஒன்று நடக்காது. கைப்பேசியிலிருந்து நேரே துணைக்கோளுக்குப் பேசும் வழி கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 2022ஆம் ஆண்டு 17ஆம் வெளியீட்டில் தரமாக்கப்பட்டுவிட்டது. தோட்டத்தில் அதன் முதல் பயன் அவசரக் குறுஞ்செய்தியாக இருக்கும், படம் பார்ப்பதாக இருக்காது.

இதில் சத்தமில்லாமல் ஏற்கனவே வந்து உட்கார்ந்துவிட்ட மாற்றம் ஒன்று உண்டு. இணையத்தின் பழைய டிசிபி நெறிமுறையில் ஓர் இணைப்பை இரண்டு முகவரியும் இரண்டு போர்ட் எண்ணும் சேர்ந்து அடையாளம் காட்டின. வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து சிம்முக்கு மாறினால் முகவரி மாறும், இணைப்பு சாகும். 2021இல் தரமான க்விக் நெறிமுறையில் இணைப்புக்குத் தனி அடையாள எண் இருக்கிறது, முகவரி மாறினாலும் உரையாடலைத் தொடர அதில் வழியுண்டு. ஃபைபர், 700 மெகாஹெர்ட்ஸ், துணைக்கோள் மூன்றும் அரைகுறையாகக் கிடைக்கிற தோட்டத்துக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு தலைமுறை மாற்றமும் கூடவே ஒரு பழையதை அணைக்கும். 2021 முடிவில் மலேசியாவில் 3ஜி அணைக்கப்பட்டபோது வீட்டில் கிடந்த பழைய கைப்பேசிகள் 2ஜியில் பேசுவதற்கு மட்டுமே உதவின. அடுத்த முறையும் அடி விழுவது பழைய கருவி வைத்திருப்பவருக்கே.

முதலில் மரத்துக்கு

தோட்டத்துக்குள் புதிய இணையம் யாருக்காக முதலில் வரும் என்று கேட்டால், என் பதில் மரத்துக்காக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புச் சட்டம், செம்பனை விளைந்த நிலத்தின் புவி ஆயத்தொலைவைக் கேட்கிறது. 4 எக்டருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். குலை எண்ணிக்கை, லாரி எடை, மண் ஈரம், ட்ரோன் படம் என்று எல்லாம் பதிவாகப் போகிறது. இதில் பெரும்பாலானவை காத்திருக்கக்கூடியவை. மண் ஈரம் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை. விநாடிக்குச் சில கிலோபிட் மட்டும் தரும் லோரா என்ற ரேடியோ கருவி அதற்குத் தாராளம், 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பேட்டரி ஆண்டுக்கணக்கில் தாங்கும். நிர்வாகம் தன் தேவையைக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ளும், "தோட்டத்துக்கு இணையம் வந்துவிட்டது" என்று அறிக்கையும் போகும், வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் மாறியிருக்காது. ஜொகூரில் கூலாய், செடனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்திலேயே தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது.

லயத்துக்குப் பங்கு கேட்க ஒரு நேரம் உண்டு. தோட்டத்து நிலம் கம்பெனியுடையது, அனுமதியில்லாமல் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் கம்பம் நட முடியாது. ஆனால் கம்பெனியே தன் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ ஃபைபர் இழுக்கும் நாளில் குழி எப்படியும் வெட்டப்படுகிறது. செலவின் பெரும்பகுதி அந்தக் குழிதான், குழாயும் கேபிளும் அதற்குப் பிறகுதான். வேலை தொடங்குமுன் தொழிற்சங்கக் கிளையோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ எழுத்தில் கேட்க வேண்டியவை குறைவு. அதே குழியில் 32 மில்லிமீட்டர் வெற்று எச்டிபிஇ குழாய் ஒன்று கூடுதலாகப் போகட்டும். உள்ளே நைலான் இழுகயிறு விட்டு இரண்டு முனையும் அடைக்கப்படட்டும், இல்லாவிட்டால் எறும்பும் சேறும் புகுந்து அடுத்த ஆண்டே குழாய் பயனற்றுப் போகும். லயம் திரும்பும் முனையிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் கேபிளை வெளியே எடுக்கும் கைக்குழிப் பெட்டி ஒன்று விடப்பட வேண்டும், குலை லாரி ஏறும் பாதையிலிருந்து தள்ளி. குழாய் போன வழியின் வரைபடத்தில் ஒரு நகல் பள்ளி அலுவலகத்துக்கும் வரட்டும். மறுநடவு வரும்போது எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரிடம் காட்ட அது வேண்டும்.